காலையில் கேட்ட சத்தம்

இன்ஜின் ஆயில் விஷயத்தில் மருமகளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுக்க வந்தவர்களை அவள் சும்மா விட்டதும் கிடையாது. உதிரிபாகக் கடைக்காரர் புதிதாக வந்த மெல்லிய ஆயில் டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க மேடம், மைலேஜ் அள்ளும்" என்று ஆரம்பித்ததும், கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"எல்லாரும்னா யாரு? புது வண்டி வச்சிருக்கவங்களா, பழைய வண்டி வச்சிருக்கவங்களா?"

கடைக்காரர் அசடு வழிந்தார்.

"என் வண்டி ரொம்ப வருஷம் ஓடின வண்டி. உள்ள எல்லாம் தேய்ஞ்சு இடைவெளி விட்டிருக்கும். அதுல தண்ணி மாதிரி ஊத்தினா எங்க நிக்கும்? கொஞ்சம் கெட்டி ரகம், டென் டபிள்யூ ஃபார்ட்டி எடுங்க. வண்டியோட புஸ்தகத்துலயும் அதான் போட்டிருக்கு."

அவர் அதையே எடுத்து வைத்தார். ஜெயித்த மிதப்பில், "அப்படியே ஒரு ஃபில்டரும் குடுங்க" என்றாள். கைக்கு வந்ததை அவர் பையில் போட்டார். ஆயிலுக்காக அத்தனை வாதாடியவள் அந்த ஃபில்டரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய சண்டையில் ஜெயித்தவர்களுக்குச் சின்னச் சாமான் கண்ணில் படுவதில்லை.

வண்டி உண்மையில் மாமனாருடைய பழைய கார். பேருந்து ஓட்டியே ஓய்வு பெற்றவர். மகன் இருக்க, மருமகளிடம் ஏன் சாவியைக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், "அவன் கியர் மாத்துறதைப் பாத்தா எனக்குப் பல்லு கூசுது" என்பார். மகனும் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை, கூடவே சிரிப்பான். அந்த வண்டியை வைத்துப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று தொடங்குவது மருமகளின் திட்டம். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டாயிற்று. வண்டி புகைச் சோதனையில் தேறினால் அனுமதி, தேறாவிட்டால் ஒன்றும் இல்லை. இன்னொரு வண்டி வாங்க அவளுக்கு வழியும் இல்லை.

ஆயில் மாற்றி ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனாள். அதிகாரி ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். பின்னால் நீலமாகப் புகை கிளம்பி, வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்ஜின் ஆயில் குடிக்குதும்மா. அடுத்த வாரம் இன்னொரு தடவை கொண்டு வாங்க. அப்பவும் புகைஞ்சா இந்த வண்டிக்கு அனுமதி கிடையாது" என்றார் அதிகாரி.

அழுகிற ரகம் இல்லை அவள். வீட்டுக்கு வந்து, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடைக்கு நின்றது. அவள் ஊற்றியது சரியான அளவு. ஓடுகிற வண்டியில் ஆயில் குறையலாம், அதுவாக எப்படிக் கூடும்? யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கொட்டகையின் மூலையில் சாக்கு மூடிய கேன் ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே பேருந்துக்கு ஊற்றும் கெட்டி ஆயில்.

"மாமா!"

மாமனார் வந்து நின்றார். கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டியவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"நீங்கதான் ஊத்தினீங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தாம்மா. அப்பப்ப."

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி நிரம்பி வழியுது மாமா! அளவுக்கு மேல போனா ஆயில் நுரைச்சு மேல ஏறி எரியும், அதான் புகை. இது பஸ் இல்ல, கார்!"

"காலைல ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு சத்தம் வருதும்மா. ஆயில் பத்தாத வண்டி மாதிரி. கேக்கவே பாவமா இருந்துச்சு. நீ ஏற்கெனவே ஆயிரம் யோசனைல இருக்க, உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னுதான்..."

"என்ன சத்தம்? தினமும் நான்தான் ஓட்டுறேன். ஒரு நாள்கூட எனக்குக் கேக்கலையே! உங்க காதுல இன்னும் அந்தப் பழைய பஸ்தான் ஓடுது."

கோபம் வந்த வேகத்தில் சொல்லிவிட்டாள். சாயங்காலம் விஷயம் தெரிந்த மகன், "அப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே காது சரியில்லைன்னு நினைக்கிறேன், டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றான். தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறார் என்பது அவன் கண்டுபிடிப்பு. வேறு நாளாக இருந்தால் மாமனார் கத்தித் தீர்த்திருப்பார். அன்றைக்கு, "சரி, காட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அந்தச் சரிதான் மருமகளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் சோதனை தலைக்குமேல் நிற்கும்போது மனவருத்தத்துக்கு எங்கே நேரம்!

புகைகிற வண்டியை வெளியே எடுக்காமல் நிறுத்திவைத்து, சோதனைக்கு முந்தின நாள் ஆயில் முழுவதையும் வடித்தாள். தன் டென் டபிள்யூ ஃபார்ட்டியையே அளந்து ஊற்றினாள். ஃபில்டர் போன மாதம்தானே போட்டது என்று அதை விட்டுவிட்டாள். நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். புகை மெலிந்து, பிறகு இல்லாமலே போனது. அவளுக்குத் தெம்பு திரும்பியது.

சோதனை நாள் காலையில் கொட்டகைக்குப் போனாள். வண்டி சில்லென்று கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழக்கமாக அவள் வருவதற்குள் மாமனார் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடுபடுத்தி வைத்திருப்பார். ஓட்டுநராக இருந்த காலத்துப் பழக்கம், யார் சொன்னாலும் விடமாட்டார். மனத்தாங்கலில் இப்போது விட்டிருக்கிறார்.

சாவியைத் திருப்பினாள்.

கடகடகடவென்று இன்ஜினுக்குள் யாரோ ஆணியைக் கொட்டிக் குலுக்குகிற சத்தம். மூச்சு விடுகிற நேரம்தான், அடங்கிவிட்டது.

யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை, தெரிந்தவள் ஆயிற்றே. இந்த இன்ஜினில் ஃபில்டர் படுத்தவாக்கில் மாட்டும். அதற்குள் ஒரு ரப்பர் வால்வு இருந்து, வண்டி நின்றபிறகு ஆயில் கீழே வடியாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ராத்திரி முழுக்க வடிந்து, காலையில் மேலே ஏறும்வரை இன்ஜின் காய்ந்தபடி சுற்றும், சத்தம் போடும். ஒருமுறை ஓடிவிட்டால் அப்புறம் நாளெல்லாம் கேட்காது. அவளுக்கு அது கேட்காமல் போனதற்குக் காரணமே மாமனார் தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து ஸ்டார்ட் செய்ததுதான்.

கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். இந்த முறை ஆயில் பேச்சே இல்லை. ஒவ்வொரு ஃபில்டராகத் திருப்பி, துளைவழியே விரலை விட்டு ரப்பர் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். கடைக்காரர் போன தடவை பட்டது போதும் என்றிருந்தார். அங்கேயே வண்டிக்கு அடியில் படுத்து மாற்றினாள். போன மாதம் வாங்கிப்போன மலிவு ஃபில்டருக்குள் ரப்பர் என்று எதுவும் இல்லை.

சோதனையில் வண்டி தேறியது. அதிகாரி புகைக்குழாய்மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதே வண்டிதானாம்மா?" என்று கேட்டு முத்திரை குத்தினார்.

வீட்டில் கணவன் இனிப்போடு காத்திருந்தான். "பாத்தியா, அப்பா கை வைக்காம இருந்ததும் வண்டி சரியாயிடுச்சு! டாக்டர்கிட்ட சாயங்காலம் நேரம் வாங்கிட்டேன்" என்றான். மாமனார் ஜன்னலோரம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகத்தான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்த மாதிரிதான். ஃபில்டர் விஷயம் கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லமாட்டார்.

ஆனால் அந்த மனிதர் தன் காதையே நம்பாமல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மாமா, டாக்டர் வேண்டாம்" என்றாள். "சத்தம் நிஜமாவே வந்துச்சு. காலைல நானே கேட்டேன். நான் பாக்காம வாங்கின ஃபில்டராலதான். உங்க காதுல தப்பில்ல, என்கிட்டதான் தப்பு. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாக ஒரு காதைக் கையால் குவித்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"என்னம்மா சொன்ன? சரியா விழல. அவனுக்கும் கேக்குற மாதிரி, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."