ஆறு வருடத்துக்கு முன் வெட்டிய மாத்திரை

நிதி அமைச்சகத்தில் மருத்துவச் செலவைப் பார்க்கும் அதிகாரிக்குக் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்ளமாட்டாள். ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அங்கே கூடினால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் குறையும். யாராவது வெட்டித்தானே ஆகவேண்டும்?

இந்த வருட பட்ஜெட்டில் உறுத்தியது டயாலிசிஸ் செலவு. ஆறே வருடத்தில் இரண்டு மடங்கு. அரசு ஆஸ்பத்திரியில் அதே பிரிவில் நர்ஸாக இருக்கும் தங்கையைப் போனில் பிடித்தாள்.

"என்னடி நடக்குது அங்க? காசு தண்ணியா ஓடுது!"

"காகிதத்தைப் பாத்துக் கேக்காதக்கா. நேர்ல வந்து பாரு."

மறுநாள் காலை போனாள். ஒரு படுக்கைகூடக் காலியில்லை. வாசல் பெஞ்சிலும் ஆட்கள். ஜன்னலோரம் கையில் குழாயோடு ஒரு பஸ் டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"எப்படிண்ணே வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பிரஷர்தாம்மா. எங்க கிளினிக்ல மாத்திரை சும்மா குடுத்தாங்க. திடீர்னு நிறுத்திட்டாங்க. கடையில வாங்கலாம்னா புள்ளைங்க ஃபீஸ் முன்னால நிக்குது. ஒரு தலைவலிகூட இல்லியே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். பிரஷர் ஏறி ரெண்டு கிட்னியும் போச்சு. எந்தப் புண்ணியவான் நிறுத்தினானோ!"

ஆறு வருடத்துக்கு முன் அந்த இலவச மாத்திரையை வெட்டியது அவளேதான். சிக்கனத்துக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

"நான்தாண்ணே அது" என்றாள்.

தங்கை திடுக்கிட்டுத் திரும்பினாள். டிரைவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சரி. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் அடுத்த வாரம் அமைச்சர் முன் உட்கார்ந்தாள்.

"குறைக்கச் சொன்னா கூட்டச் சொல்றீங்களே அம்மா?" என்றார் அவர்.

"ஒருத்தருக்கு ஒரு மாசம் டயாலிசிஸ் பண்ற காசுல நூறு பேருக்கு வருஷம் முழுக்க மாத்திரை குடுக்கலாம் சார். அன்னைக்கு வெட்டினது நான். என் கணக்கு அந்த ஒரு வருஷத்துக்குத்தான் சரி. அதுக்கப்புறம் பூரா தப்பு."

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தப்பை ஒத்துக்கிட்டு ஃபைல் கொண்டுவந்த ஆளை இப்பத்தான் பாக்குறேன். சரி, பணம்?"

"நம்ம ஆபீசுக்குப் புதுக் கட்டடம் கட்டப் பணம் ஒதுக்கியிருக்கு. இங்க கூரை ஒழுகலை, லிஃப்ட்டும் ஓடுது. பொறுத்துக்கலாம் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் முழுசாகக் கொடுக்கவில்லை. இந்த வருடம் பாதிக் கிளினிக்குகளுக்கு, பலன் தெரிந்தால் மீதிக்கு என்று கையெழுத்திட்டார்.

பட்ஜெட் நிறைவேறி, மாத்திரை வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் மதியம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நம்ம டிரைவர் அண்ணன் தன் தம்பியைக் காதைப் பிடிக்காத குறையா கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனாராம். 'எனக்கு ஒண்ணுமில்ல, விடு'ன்னு தம்பி ஒரே ரகளை. அளந்து பாத்தா பிரஷர் நூத்தித் தொண்ணூறு!"

"மாத்திரை குடுத்தாங்களா?"

"கையில குடுத்து, அங்கயே முழுங்க வச்சுத்தான் அனுப்பினாங்க."

அவள் சிரித்தபடி போனை வைத்தாள். பிறகு, மீதிப் பாதிக் கிளினிக்குகளின் பட்டியலை எடுத்துவரச் சொன்னாள்.