எட்டு முக்காலிகளும் எழாத முழங்கால்களும்

மாமல்லைக் கரையில் கருங்கற் களிறுகளின் முதுகிற் பொன்பூசி, கழிமுகத்து உப்புப் பாத்திகளில் வெள்ளி இறைத்து, பனைநிரைகளைக் கடந்து மேற்றிசை நோக்கி நடந்த ஐப்பசி ஞாயிறு, கொளவாய் ஏரியில் தன் முகங்கண்டு தானே கூசி, செங்கழுநீர்ப்பட்டு என்று முன்னோர் பெயரிட்டழைத்த நகரின் உச்சியில் ஏறிநின்ற நண்பகல் அது. செங்கழுநீர் மலர்ந்த காலம் போய், இன்று அந்நகரில் மலர்ந்திருப்பவை துணிக்கடைகளின் விளம்பரப் பலகைகளே. மாலையானால் மலைக்குப் பின்னே சாய்ந்து இளைப்பாறும் உரிமை அஞ்ஞாயிற்றுக்கு உண்டு. பெருந்தெருவில் ஐந்நிலை மாடமாய் ஓங்கிய துணிக்கடையொன்றின் பட்டுப் பகுதியில் நின்ற மகளிர் எண்மர்க்கோ அதுவும் இல்லை.

அவ்வெண்மருள் மூத்தவள் மார்கரெட். பதின்மூன்று ஆண்டுகளாகக் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்று நின்று, கணுக்கால்களில் நீல நரம்புகள் பாகற்கொடிபோல் முறுக்கேறிப் படர்ந்தவள். கணவன் பெஞ்சமின் சாரத்திலிருந்து வீழ்ந்து படுக்கையிற் கிடக்க, அவள் நிற்பதனால் மட்டுமே அவர்கள் வீட்டு அடுப்பில் உலை கொதித்தது. கடைப்பணியாளர்க்கு இருக்கை தருக என்று அரசு சட்டம் இயற்றி ஆண்டுகள் சில சென்றிருந்தன. அச்சட்டமோ கடைப்படி ஏறுகையில் மூச்சிரைத்து வாயிலிலேயே நின்றுவிட்டது போலும். அதற்கும் அமர இடந்தருவார் இல்லை.

இத்தகைய ஏழை மகள் முதலாளியை எதிர்த்து நிற்க, இல்லை, எதிர்த்து அமர எங்குக் கற்றாள் என்பீராயின், கேளுங்கள். அவள் தாய் செங்கம்மாள் பிறர் நிலத்தில் நாற்று நட்டவள். நிறைசூலியாய் இடுப்பு நொந்து வரப்பில் அமர்ந்தபோது, நிலக்கிழார் வருகிறார், எழு என்று ஏவலன் அதட்ட, “அவரு வந்தா வரட்டும்யா, எம்புள்ளயும் வந்துகினு கீது” என்றாளாம். அன்று வந்த பிள்ளையே மார்கரெட். மற்றோர் ஆசான், கடப்பாக்கத்துக் கடலிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரி அம்சா. காவலர் வந்து நின்று விலை கேட்பினும் சந்தைத் தரையில் அரியணையிலிருப்பாள் போல் அசையாதிருந்து, “உக்காந்து வித்தாலும் வஞ்சிரம் வஞ்சிரந்தான், அண்ணாத்த” என்று அவள் உரைப்பதை ஞாயிறுதோறும் கோவில் முடிந்து வருகையில் மார்கரெட் கேட்டிருக்கிறாள்.

எனினும் கற்றது கைகொடுக்கும் முன் கால் கெடுத்தது. அவள் எழுதிய முறையீட்டின்பேரில் ஆவணித் திங்களில் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவர் வந்தார். மேற்பார்வையாளன் சம்பத், கிடங்கிலிருந்து எட்டு நெகிழி முக்காலிகளைக் கொணர்ந்து எண்மரையும் அமர்த்தி வைத்தான். அலுவலர் தலை தெரிந்ததோ இல்லையோ, எண்மரும், மார்கரெட்டுந்தான், பள்ளிப் பிள்ளைகள்போல் ஒருசேர எழுந்து கைகூப்பினர். இருக்கை உண்டு, விழைவார் இலர் என்று எழுதிக்கொண்டு அவர் போனார். அவர் நிழல் படியிறங்குமுன் முக்காலிகள் கிடங்கேறின. நகையாதீர், கற்றறிந்த பெருமக்களே. மின்னளவி பார்க்க வருபவரைக் கண்டாலே எழுந்து வேட்டியைத் திருத்தும் யான் அவர்களைப் பழிக்கத் துணியேன்.

அவள் மீண்டும் எழுதினாள். இன்று மீண்டும் ஆய்வு. முதலாளி ஜெகதீசன் கொடியவர் அல்லர். பெஞ்சமின் வீழ்ந்தபோது மருத்துவமனைக்குத் தம் வண்டியையே அனுப்பியவர். தாம் நிற்கையில் ஒருத்தி அமர்ந்திருப்பதை மட்டும் அவர் கண் பொறாது. காலையிலேயே மேலேறி வந்து, “ஆபீசரோட நானும் வருவேன். நான் நிக்கறப்ப எவ உக்காந்துகினு கீறாளோ, அவ நாளைக்கு இங்க வர வேணாம்” என்று தாழ்ந்த குரலிற் சொல்லிப் போனார். தாழ்ந்த குரலாதலின் அச்சம் மிகுந்தது. இருக்கை உண்டு என்று காட்டுதற்கு எட்டு முக்காலிகளையும் சம்பத் மீண்டும் கிடங்கிலிருந்து கொணர்ந்து எண்மரையும் அமர்த்தினான்.

“யக்கா, காலு தானா எழுந்துக்குது. நான் இன்னா பண்ணுவேன்?” என்றாள் எண்மருள் இளையவளான துர்காதேவி.

மார்கரெட் அலமாரியிலிருந்து விலைமிக்க பட்டொன்றை உருவி, அவள் மடியில் அகல விரித்தாள். பட்டு தரையிற் படலாகாது என்பது அக்கடையின் முதற் கட்டளை. “ஆறு கெஜம் மடியில கெடக்கட்டும். எழுந்தா வழுக்கினு போயிடும். அந்தப் பயத்துக்கு இந்தப் பயம் மருந்துடி.”

மின்தூக்கி திறந்தது. புதிய அலுவலர் காயத்ரி முன்வர, ஜெகதீசன் பின்வர, சம்பத் வியர்வையோடு வந்தான். எட்டு மடிகளில் எட்டுப் பட்டுகள். மார்கரெட்டின் முழங்கால்கள், பதின்மூன்றாண்டுப் பழக்கத்தால், கடிவாளம் உணர்ந்த குதிரைபோல் துடித்தன, பட்டு ஒரு சாண் நழுவியது, பற்றிக்கொண்டாள். முதலாளியின் பார்வை ஒவ்வொரு முகமாய்த் தொட்டு வந்து துர்காதேவியின் மேல் நிலைத்தது. அவள் தாளாமல் அரையளவு எழுந்தாள். அரக்குநிறப் பட்டு அருவியாய்ச் சரிந்து தரைக்கு ஒரு விரல் மேலே ஊசலாடிற்று.

“பட்டு, பட்டு… உக்காரும்மா, உக்காரு” என்றார் ஜெகதீசன், தம்மையறியாமல்.

அவள் அமர்ந்தாள். காயத்ரி, சம்பத்தை நோக்காது, மார்கரெட்டை நோக்கி, “எப்பவும் இப்படித்தான் உக்காந்து வேலை பாப்பீங்களாம்மா?” என்றாள். ஆம் எனில் பணி எஞ்சும்; முக்காலிகள் மாலையே கிடங்கு புகும்.

மார்கரெட் எழவில்லை. “இல்ல மேடம். இன்னிக்குத்தான். இத்தினி நாளா ஸ்டூலுங்கதான் குடோன்ல உக்காந்துகினு இருந்துச்சு.”

காயத்ரியின் எழுதுகோல் நெடுநேரம் ஓடியது.

முக்காலிகள் அதன்பின் கிடங்கு காணவில்லை. எழுத்தில் ஏறிய பெயரை நீக்கினால் வழக்காகும் என்று அறிந்த ஜெகதீசன், மார்கரெட்டைக் கேளம்பாக்கத்துக் கிளைக்கு மாற்றினார். அங்கு நாற்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தனர். நெருப்பை ஒறுப்பதாக எண்ணி அதனை வைக்கோற்போரின்மேல் எடுத்துவைத்தார் அவர். செங்கழுநீர்ப்பட்டில் எழுவர் இன்று அமர்ந்து பட்டு விரிக்கின்றனர். மார்கரெட்டோ வைகறையிற் புறப்பட்டு, இரண்டு பேருந்து மாறி, நெரிசலில் இடமின்றி, நீல நரம்போடிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றி வழிநெடுகச் செல்கின்றாள். பிறர்க்கு இருக்கை தேடித் தருவார் செல்லும் நெடுவழி, பெரும்பாலும் நின்றபடியே செல்லும் வழியாக இருக்கிறது.