இருட்டின் அளவு

நிலவறைக் கதவைத் திறந்ததுமே புளித்த முட்டைக்கோஸ் வாடை நெவேனாவின் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நவம்பர் வந்துவிட்டால் நீஷ் நகரத்து அடுக்குமாடிகளின் நிலவறைகள் எல்லாமே இப்படித்தான் நாறும். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்புநீரில் புளிக்கப் போட்ட பீப்பாய், வீட்டுக்கு ஒன்று. ஆனாலும் பகலில் இருட்டு வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

பள்ளிகளுக்கான இயற்பியல் போட்டிக்குச் சோதனைத் திட்டத்தை அளவுகளோடு நாளை கொடுத்தாக வேண்டும். விளக்கைவிட்டு விலக விலக ஒளி உணரி காட்டும் அளவு எப்படிக் குறைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. இருவராகத்தான் சேர முடியும். அவளுக்கு வாய்த்தவன் வகுப்புத் தோழன் ரஸ்த்கோ.

"மூக்கப் பொத்திக்கிட்டு என்னடி பண்றே? மேல வா. கிராஃபே போட்டாச்சு." படியில் நின்றபடி போனை நீட்டினான்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. புள்ளிகள் கோட்டின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"இன்னும் விளக்கே போடலையேடா."

"எதுக்குப் போடணும்? விடைதான் புத்தகத்துலயே இருக்கே. டீச்சர் நம்பணும்ல, ரெண்டு புள்ளிய மட்டும் லேசா தள்ளி வெச்சிருக்கேன். நிஜமா அளந்த மாதிரியே இல்ல?"

அந்த இரண்டு புள்ளிகளைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பொய்யைக்கூடப் பொறுத்திருப்பாள். அதற்கு அவன் பூசிவிட்டிருந்த உழைப்பின் சாயல், பீப்பாயில் மிதக்கும் வெள்ளைப் படலத்தில் விரல் பட்டதுபோல உடம்பைக் கூசச் செய்தது. உணரியை மீட்டரில் இணைத்து, விளக்கைப் போடாமலே பார்த்தாள்.

பூஜ்யம் இல்லை. பதினான்கு மில்லிவோல்ட். தெருவோரச் சன்னலில் பகல் கசிந்துகொண்டிருந்தது.

"இது உன் கிராஃப்ல எங்கடா இருக்கு?"

"அத யாரு பாக்கப் போறா?"

"என் பேரு உன் பேரோட வராது."

"பைத்தியமா உனக்கு? ஜோடி இல்லாம உன்னையும் சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும்."

"அப்போ நாத்தத்துலயே கிட!" அவன் படியேறிப் போனான்.

அவள் தன் வீட்டுப் பீப்பாயில் பாரமாக வைத்திருந்த கல்லை நகர்த்தி, முட்டைக்கோஸின் மேல் போட்டிருந்த துணியை இழுத்தெடுத்தாள். வழவழவென்று முழங்கைவரை ஒழுகியது. மூச்சை அடக்கிக்கொண்டு அதை மடித்துச் சன்னலில் அப்பினாள். மீட்டர் இறங்கி மூன்றில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

ஈரக் கையாலேயே எழுதினாள்: விளக்கைப் போடும் முன் இருட்டை அளக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

தாளின் அடியில் ஒரே ஒரு பெயர். தாளும் நாறியது.