லைல், உன் விளக்கு எரியுது!

“லைல், உன் வண்டி விளக்கு எரியுது!”

காலை ஏழரையிலிருந்து இதைச் சொல்லிவிட்டுப் போகும் பதினோராவது ஆள் இவர். கோல்ஃப் வண்டியை நிறுத்தி, பிக்கப்பின் முகப்பைக் கையால் சுட்டிக் காட்டி, ஏதோ பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு நகர்ந்தார்.

“தெரியும்,” என்றார் லைல் ஸ்டென்ரூட், பிக்கப் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லரின் பக்கச் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேணும்னேதான் போட்டு வச்சிருக்கேன்.”

வேண்டுமென்றேதான். டிரெய்லரின் மேல் ஓரத்தில் இரவில் எரியும் சின்ன ஓரவிளக்குகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு வரும் கம்பியிலேயே, ரிவர்ஸில் போகும்போது பின்னால் பார்க்கப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டும் இரண்டு கேமராக்களுக்கும் கரண்டு எடுக்கிறார். சுவரில் புதிதாக ஓட்டை போட வேண்டாம். ஆனால் பிக்கப்பின் விளக்கைப் போட்டால்தான் ஓரவிளக்கு எரியும். ஓரவிளக்குக்குக் கரண்டு வந்தால்தான் கேமராவுக்கும் உயிர். இதைப் பதினோரு பேருக்கும் விளக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

வேலை ஓடியே ஆக வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் இந்த டிரெய்லர் முகாமில் ஒன்பதாம் எண் இடத்தைக் காலி செய்து, இருபத்திரண்டாம் எண்ணுக்குள் டிரெய்லரை ரிவர்ஸில் செருக வேண்டும். ஒரு பக்கம் இரண்டு ஆள் உயரக் கள்ளி. மறுபக்கம் ஆர்வினின் புத்தம்புது டிரெய்லர். லைலின் கழுத்திலோ போன வருஷத்து ஆபரேஷனில் வைத்த தகடு. தலை இடமும் திரும்பாது, வலமும் திரும்பாது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் அலமாரி திரும்புவது போல உடம்போடு திரும்ப வேண்டும்.

போன மாதம் யூட்டாவில், வழக்கம்போல மனைவி கிளெண்டாவைப் பின்னால் நிற்க வைத்துக் கை காட்டச் சொன்னார். அவள் கையைத் தூக்கினாள். ‘வா’ என்கிறாள் என்று இவர் வந்தார். சிமென்ட் மேஜை உடைந்தது. இறங்கி, பன்னிரண்டு பேர் முன்னால் அவளைப் பார்த்துத்தான் கத்தினார். கிளெண்டா துணி துவைக்கும் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் வரவில்லை.

அரிசோனா வந்து சேர்ந்த மறுநாள் காபி குடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

“இனிமே நான் பின்னாடி நின்னு கை காட்ட மாட்டேன். நீயே கத்தாம, எதையும் இடிக்காம இருபத்திரண்டுல நிறுத்து, டெக்சாஸ் கடலோரம் போவோம். முடியலன்னா வண்டியை பக்கத்து இடத்து ஹார்லன் பையனுக்குக் குடுத்துட்டு ஊருக்குப் போய் பனி அள்ளுவோம்.”

வடக்கு டகோட்டாவில் நாற்பது வருஷம் கோதுமை போட்டு, அத்தனை குளிர்காலத்தையும் எண்ணி எண்ணிக் கழித்தவர் லைல். இந்த டிரெய்லர் போனால் அவருக்கு மிஞ்சுவது ஜன்னலும் பனியும்தான்.

எட்டரைக்கு இடதுபக்கக் கேமரா வேலை செய்தது. ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும் பிக்கப்பின் வலதுபக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டாஷ்போர்டில் இருக்கும் திரையைப் பார்த்தார். பக்கத்து இடத்து ஹார்லனின் தொந்தி, கலர் கலராக, அசைந்தது.

“தெரியுறேனா?” என்றார் ஹார்லன், வெளியே கையை ஆட்டிக்கொண்டு.

“நீ தெரியல. உன் வயிறு தெரியுது. மீதிக்கு இடமில்ல.”

சந்தோஷமாக வலதுபக்கம் போனார். ஓரவிளக்கின் மூடியைக் கழற்றி, கம்பியைச் சீவி, ஒட்டு போட்டு, கீழே தொங்கிய மிச்சத்தை இழுத்துக் கட்டுவதற்காக டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்தார். எழுந்து வந்து திரையைப் பார்த்தால் வலதும் இல்லை, இடதும் இல்லை. நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று இரண்டு வரி.

“இப்போதானய்யா நல்லா இருந்தே!” என்று கேமராவைப் பார்த்துக் கத்தினார்.

சத்தம் கேட்டதுதான் தாமதம், மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்த முகாமில் எவனாவது டிரெய்லருக்கு அடியில் படுத்தால் அது எல்லாருக்கும் மேட்னி ஷோ.

“எர்த்து. எர்த்துதான் கோளாறு,” என்றார் ஆர்வின். டெலிபோன் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். “முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல சொல்றேன், எல்லாக் கோளாறும் கடைசியில எர்த்துலதான் போய் நிக்கும்.”

“எலி,” என்றார் ஹார்லன். “இந்தப் பாலைவனத்து எலிக்கு ஒயர்னா உயிரு. எங்க மச்சான் வண்டியில குடும்பமே நடத்திச்சு.”

“எலி எட்டரைக்கு வேலை செய்யவிட்டு ஒன்பதரைக்குக் கடிக்குமா?” என்றார் ஆர்வின்.

“பசிச்சா கடிக்கும்.”

லைல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். வலதுபக்க ஓரவிளக்கில் கரண்டு இல்லை. இடதுபக்கமும் இல்லை. ஆக, வலதுபக்கம் போட்ட ஒட்டுதான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. வெட்டினார். கரண்டு வரவில்லை. இடதுபக்கத்தையும் வெட்டினார். வரவில்லை. பியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கம்பி முழுசாக இருந்தது. பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் பிளக்கைப் பிடுங்கி, ஏழு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டினார். பளபளத்ததோடு சரி.

“பிக்கப் விளக்கு எரியுதா பாத்தியா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார் ஆர்வின்.

லைலுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “எரியுதாவா? காலையிலேர்ந்து இந்த ஊரே வந்து எரியுது எரியுதுன்னு சொல்லிட்டுப் போகுது. நீயே ரெண்டு தடவை சொன்னே!”

“அட, கோவிச்சுக்காதப்பா. சொன்னேன்தான்.”

கிளெண்டா காபி கொண்டுவந்து வைத்தாள். வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைப் பார்த்தாள், கணவனின் முட்டியில் அப்பியிருந்த புழுதியைப் பார்த்தாள்.

“பத்தே முக்கால்,” என்றாள். “ஒன்பதாம் நம்பருக்கு வரவேண்டியவங்க கிளம்பிட்டாங்களாம். ஆபீஸ்ல சொன்னாங்க.”

“ஆகட்டும்.”

“என்ன ஆகட்டும்? கேமராவா, ஹார்லன் பையனா?”

ஹார்லன் சட்டென்று கள்ளியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது சைக்கிளில் ஒருவர் பிக்கப்புக்கு நேர் எதிரே வந்தார். மெதுவாக ஓட்டினார். “நல்ல வெயில், இல்ல?” என்றார். போய்விட்டார்.

காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன லைல் அப்படியே நின்றார்.

“ஹார்லன். விளக்கு எரியுதுன்னு என்கிட்ட கடைசியா சொன்னது யாரு?”

“ஏன், நான்தான். ஒன்பது மணி இருக்கும்.”

“அதுக்கப்புறம்?”

நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதற்கப்புறம் இரண்டு நாய்கள், நாலு கோல்ஃப் வண்டிகள், ஒரு தபால்காரி அந்த வழியாகப் போனார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முகாமில் அது நடக்கவே நடக்காத காரியம்.

லைல் கோப்பையை வைத்துவிட்டு, இந்த முறை ஓட்டுநர் பக்கமாகப் போய்க் கதவைத் திறந்தார். விளக்கைப் போடும் திருகு சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது.

“அது நான்தான்!” என்றது ஒரு குரல். கனடாவிலிருந்து வந்திருக்கும் மெர்னா, கையில் நாய்க்கயிற்றோடு, முகமெல்லாம் சிரிப்பாக. “ரொம்ப நேரமா எரிஞ்சுட்டு இருந்துச்சு. பாவம், நீங்க அடியில படுத்திருந்தீங்க, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே அணைச்சுட்டேன். பேட்டரி போயிடுமே!”

லைலின் வாய் திறந்தது. நாற்காலிகள் முன்னால் சாய்ந்தன. கழுத்து நரம்பு புடைக்க, காது மடல் சிவக்க, அவர் மூச்சை உள்ளே இழுத்தார். கிளெண்டா கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். ‘கத்தாம’ என்பதும் தீர்ப்பில் இருந்தது.

“ரொம்ப… நன்றி, மெர்னா,” என்றார் லைல்.

“ஐயோ, இதுல என்ன இருக்கு!” என்று மெர்னா நாயோடு நடந்தாள்.

திருகைத் திருப்பியதும் டெஸ்டரில் கரண்டு வந்தது. ஆனால் நல்ல ஒட்டு அத்தனையும் இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறதே! ஆர்வின் கழுத்தைச் சொறிந்துகொண்டு எழுந்து, “குடு, வலதுபக்கம் நான் போடுறேன்,” என்றார். ஹார்லன் டேப் கிழித்துக் கொடுத்தார். பதினொன்றே முக்காலுக்கு இரண்டு படமும் திரையில் வந்தன.

லைல் பிக்கப்பை எடுத்து, முகாமைச் சுற்றி வந்து, இருபத்திரண்டுக்கு முன்னால் நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். அதற்குள் நாற்காலிகள் அங்கே இடம் மாறியிருந்தன. ஆறு அடி பின்னால் போனார். ஏழாவது அடியில் நிறுத்தினார்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. கேமரா எரிகிறது, படம் வருகிறது, ஆனால் உச்சி வெயில் கண்ணாடி வழியாக நேரே திரைமேல் விழுந்து எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டது. குனிந்து பார்க்கலாமென்றால் கழுத்து மறுத்தது. வெளியே பத்துப் பேர் பத்து விதமாகக் கை காட்டினார்கள். வா என்று ஐந்து பேர், நில் என்று நாலு பேர். ஹார்லன் இரண்டையும் காட்டினார்.

கிளெண்டா எழுந்தாள். எல்லாரும் அவள் பின்பக்கம் போகிறாள் என்றே நினைத்தார்கள். அவள் பிக்கப்பின் வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“என்ன தெரியுது?”

“வெயில்,” என்றார் லைல். “கிளெண்டா, வேணாம் விடு. ஹார்லன்கிட்ட சொல்லிடு.”

அவள் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றித் திரைமேல் கவிழ்த்தாள். தொப்பிக்குள் முகத்தை நுழைத்தாள்.

“உன் பக்கம் கள்ளி. மூணடி இருக்கு. மெதுவா வா.”

லைல் வந்தார்.

“ரெண்டடி. ஆர்வின் வண்டிப் பக்கம் கொஞ்சம் ஒடி. போதும். நேராக்கு.”

“கத்திச் சொல்லு, கேக்கல.”

“ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கேன், எதுக்குக் கத்தணும்? கேக்கும். வா… வா… நில்லு.”

நின்றது. கள்ளியில் ஒரு முள்கூட உதிரவில்லை. வெளியே யாரோ கை தட்டினார்கள். ஹார்லன் ஜன்னலருகே வந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் தொந்தியைத் தடவினார்.

“அப்போ பையன்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

லைல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கும் திரும்பவும் முடியாது.

கிளெண்டா தொப்பிக்குள்ளிருந்து முகத்தை எடுத்து, முடியைச் சரி செய்துகொண்டாள்.

“வேற வண்டி பாக்கச் சொல்லு, ஹார்லன்,” என்றாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பி, “டெக்சாஸ் போறதுக்குள்ள இதுக்கு ஒரு நிழல் தட்டி செஞ்சு மாட்டு. என் தொப்பி எனக்கு வேணும்,” என்றாள்.