மங்காத கையெழுத்து

2006 பெப்ரவரியில் ஹென்றி இறந்தார். அடக்கம் முடிந்து மூன்று கிழமை போனபின், அவருடைய மனைவி மாக்கிரட் அருமைநாதனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஹென்றி சேர்த்துவைத்த பழைய பண நோட்டுகளுக்கு என்ன விலை போகும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அருமைநாதன் மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் தனியாக இருப்பவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவரும் ஹென்றியும் மட்டக்களப்புக்காரர்கள். பழகியதோ மொன்றியலில், ஒரு நாணயக் கண்காட்சியில். பத்து வருடங்களாகச் சனிக்கிழமைகளில் மெட்ரோ ஏறி ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய் போய், ஹென்றியின் சமையலறை மேசைமுன் அமர்ந்து, அமெரிக்கச் சிற்றூர் வங்கிகள் ஒருகாலத்தில் தம் பெயரிலேயே வெளியிட்ட நோட்டுகளைப் பார்ப்பார். ஒவ்வொன்றிலும் அந்த வங்கியின் தலைவரும் காசாளரும் கையெழுத்திட்டிருப்பார்கள். மிஞ்சியிருப்பது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு விலை கூடும். வேறு எவரும் அருமைநாதனை வீட்டுக்கு அழைத்ததில்லை.

அருமைநாதன் போனபோது மாக்கிரட் அதே மேசையில் நோட்டு அல்பத்தைத் திறந்துவைத்தார். முதல் பக்கத்தில் வெர்மான்ட் ஊரொன்றின் ஐந்து டொலர் நோட்டு. அந்த வங்கியின் நோட்டுகளில் அது ஒன்றுதான் மிச்சம் என்று ஹென்றி பெருமைப்படுவார். கையெழுத்துகள் நேற்றுப் போட்டவைபோலக் கறுப்பாக இருந்தன.

அதுதான் சிக்கல். மடித்து மடித்துத் தேய்ந்த கோட்டில் மை ஊறிப் பரவியிருந்தது. மடிப்பு விழுந்த பிறகு யாரோ மங்கிய கையெழுத்தின்மேல் மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஏழு வருடங்களுக்கு முன் ஹென்றி அதை வாங்கிவந்து காட்டியபோதே அருமைநாதன் பூதக்கண்ணாடியில் கண்டுவிட்டார். ஆனால், நல்ல நோட்டு என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது பொய் சொல்ல மனம் வரவில்லை. மற்றவற்றின் விலைகளை எழுதிக் கொடுத்தபின், இது மட்டும் வாங்கிய விலையில் பாதிகூடப் போகாது என்று காரணத்தோடு சொன்னார்.

மாக்கிரட் அல்பத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“அவருக்குத் தெரியுமா?”

“இல்லக்கா. நான் சொல்லல்ல.”

“ஏன்?”

“சொன்னா, பிறகு என்னைக் கூப்பிட மாட்டார் எண்டு பயந்திட்டன்.”

“நீங்க என்ன சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருப்பார் தம்பி. சனிக்கிழமை எண்டா வெள்ளன எழும்பி, நீங்க வாறீங்க எண்டு இந்த மேசையைத் துடைச்சி வைப்பார்.”

அருமைநாதன் அல்பத்தை மூடிவைத்தார். மாக்கிரட் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மே மாதம் மாக்கிரட் எல்லாவற்றையும் ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டு, டொரன்டோவில் மகளோடு இருக்கப் போனார். மை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தாராம். அருமைநாதன் சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் சனிக்கிழமை வேலையும் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.