துடைக்காத ஜன்னல்

"அம்மா, புகைக்குச் சொந்த வீடு இல்லையா? ஏன் தினமும் நம்ம வீட்டுக்கே வருது?" என்று மகள் சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையல்காரி, அதில் விழுந்த கரித்தூளை ஊதிவிட்டுத் தைத்தாள். மகள் வளர்ந்துவிட்டாள். அவள் தூங்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

புகைக்குச் சொந்த வீடு உண்டு. தெருக்கோடியில் இருந்த இரும்பு உருக்காலைதான் அது. அதன் முதலாளி குடியிருந்ததோ, அந்தக் காற்று எட்டாத மேட்டில். கரியை வடிகட்டும் இயந்திரம் புகைபோக்கியில் இருக்கத்தான் செய்தது. ஓட்டினால் செலவு என்று அதை அணைத்தே வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். எங்கள் புகை அந்தத் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்று முதலாளியின் வக்கீல் சாதித்தார். நேரில் பார்த்துவர ஓர் அதிகாரியம்மாவை நீதிமன்றம் அனுப்பியது.

அங்கேதான் தெருவுக்குப் புத்தி பிசகியது. பெரிய இடத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வரும்போது வீடு கரியும் பிசுக்குமாகக் கிடக்கலாமா? தையல்காரிதான் முதலில் வாளியைத் தூக்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் துணியோடு இறங்கினார்கள். ஜன்னல், கதவு, கூரை விளிம்பு என்று ஒன்றையும் விடவில்லை.

கடைசி வீட்டுக்காரி மட்டும் வெளியே வரவில்லை. துடைப்பம் தொடாத அவளுக்கு 'மகாராணி' என்று பட்டம் கட்டியவளும் தையல்காரிதான். "மகாராணி இன்னும் எழுந்தருளல போல" என்று அவள் சொல்ல, தெருவே சிரித்தது.

மறுநாள் அதிகாரியம்மா வெள்ளைத் துணியால் ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. கூட வந்த ஆலை மேலாளருக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. இவ்வளவு சுத்தமான தெருவை எங்கேயும் கண்டதில்லை என்று பாராட்டினார்.

தையல்காரி முன்னால் வந்தாள். நேற்றுத்தான் கழுவினோம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதை நம்பறேம்மா. ஆனா கையில எடுத்துட்டுப் போக ஏதாவது வேணுமே" என்றார் அதிகாரியம்மா.

மகளின் மூச்சுக்காகப் போட்ட வழக்கைத் தன் கையாலேயே கழுவிச் சாக்கடையில் ஊற்றியாயிற்று. தையல்காரி தலைகுனிந்து, கடைசி வீட்டுப் பக்கம் கை காட்டினாள்.

உள்ளே, தலையணைகளில் சாய்ந்து ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அந்த ஆலையிலேயே உலைக்கு முன்னால் நின்று உழைத்தவர். மனைவி அவர் முதுகைத் தாங்கியிருந்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னதும் முதலில் அவர் வாயை ஈரத்துணியால் மூடினாள். பிறகுதான் தாழை நீக்கினாள். ஜன்னல் கதவுக்கும் வெளிப்பக்கக் கம்பிவலைக்கும் நடுவே கரி அடை அடையாகப் படிந்து கிடந்தது.

"வீட்டை இப்படியா வெச்சிருப்பாங்க?" என்றார் மேலாளர்.

அவள் கோபப்படவில்லை. "பெருக்கினா பறக்கும் சார். பறந்தா இவருக்கு மூச்சு நின்னுடும். ஈரத்துணியால துடைக்கலாம், அதுக்கு ரெண்டு கை வேணும். என் ரெண்டு கையும் இவர் முதுகுலதான் இருக்கு."

வாசலில் நின்ற தையல்காரிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதிகாரியம்மா கரியை ஒரு குப்பியில் வழித்தெடுத்து, மேலாளர் முன்னாலேயே முத்திரை வைத்தார்.

அந்தக் கரி அந்த உலையுடையதுதான் என்று ஆய்வு சொன்னது. மேட்டு வீட்டு முதலாளி நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வடிகட்டி ஓடாமல் உலை எரியக்கூடாது, தெருவின் வைத்தியச் செலவு முழுக்க ஆலையுடையது என்று தீர்ப்பானது. கடவுள் கண் திறந்தார் என்றார்கள் தெருவில். ஓர் ஏழை வீட்டின் ஜன்னல் வழியாகத்தான் திறந்தார் என்று தையல்காரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசி வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆலைச் செலவில் வண்டி வந்தது. மனைவியும் கூடப் போனாள். வெயில் ஏறித் தெரு அடங்கியதும் தையல்காரி வாளியும் துணியுமாக அந்த வீட்டுக்குப் போனாள். கம்பிவலையை வெளியிலிருந்தே கழற்றி, தூசி எழும்பாமல் துணியை நனைத்து நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல மெல்லத் துடைத்தாள். தண்ணீர் கறுக்கக் கறுக்க மாற்றினாள். வாசற்படியையும் துடைத்து, வலையைப் பழையபடி மாட்டினாள்.

"வரேன்க்கா" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டி திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.