அன்றைய பயிற்சி

மதிய மணி அடித்த பிறகும் ஊசியின் கை நிற்கவில்லை. அட்டையை எடுத்து, கோட்டில் மடித்து, அடிப்பக்க இதழ்கள் நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, டேப்பை இழுத்து ஒட்டி, தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக் கம்பெனியில் சேர்ந்து பதினொரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பேக்கிங் பிரிவிலேயே வேகமான கை அவளுடையதுதான். "உனக்கு ரெண்டே கைதானா, இல்ல முதுகுப் பக்கம் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று சூப்பர்வைசர் அடிக்கடி கேட்பார். அவள் சிரித்து வைப்பாள். அட்டைத் தூள் விரல்நுனியின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். சாயங்காலம் பார்த்தால் பத்து விரலும் வெடித்து, வேறு யாருடையவோ போலிருக்கும்.

வாட்ச்மேன் வந்து கதவருகே நின்றார். "உன்னைப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க. கேட் உயரத்துக்கு இருக்காங்கம்மா."

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த உயரத்தில் அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். கேப்டன். ஊசி முன்பு ஆடிய கைப்பந்து அணிக்கு இப்போது பயிற்சியாளரும் அவள்தான் என்று பேப்பரில் படித்திருந்தாள். வெளியே போனபோது கேப்டன் மாதுளைச் செடியோரம், இடது முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. எப்படி இருக்கே என்றும் கேட்கவில்லை. அவள் சுபாவம் அப்படி.

"என் செட்டருக்கு முட்டி போயிடுச்சுடி. ஜவ்வு கிழிஞ்சிருச்சு. லீக் ஆரம்பிக்க ஆறு வாரம்தான் இருக்கு. வர்றியா?"

ஊசி கையிலிருந்த டேப்பின் முனையைத் தேடுவதுபோல் நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

கைப்பந்தில் செட்டர் என்பவள் வலையோரம் நின்று, அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். புள்ளி அவள் பேரில் ஏறாது. ஆனால் எந்தப் பந்தும் அவள் விரலைத் தொடாமல் எதிர்ப்பக்கம் போகாது. இரண்டு தடுப்பாளர்களின் கைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு தெரிந்தால் போதும், அதற்கு நேராகப் பந்தைக் கோத்து வைத்துவிடுவாள் என்பதால் பதினேழு வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர் 'ஊசி'. சொந்தப் பெயரை மறுபடி கேட்டது நீதிமன்றத்தில்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பயிற்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தாள். தேசிய முகாமுக்கு அவள் பெயர் வந்திருப்பதாகப் போனில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்தாள். சாலையின் நடுத்திட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நகராட்சித் தோட்டக்காரர் குழாயை இழுத்தபடி ஓரடி கீழே இறங்கியிருந்தார். ஒரு சத்தம். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. நான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், விளையாட்டரங்கின் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஷூவைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மணி நேரம் ஆடினாள். போலீஸ் வந்தது ஒன்பதரைக்கு. அந்த மனிதரை வேறு யாரோ முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சாட்சி சொன்னார். மூன்று வருடம் தண்டனை. அது போதாது என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. அவற்றை அவள் மறுத்ததில்லை, மனதுக்குள்கூட.

உள்ளே இருந்த மூன்று வருடமும் பந்து கிடையாது. விடியற்காலையில் சுவரைப் பார்த்து நின்று, நெற்றிக்கு மேலே இரு கைகளையும் விரித்து, இல்லாத பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தானும் எழுந்து கைகூப்பி நிற்க ஆரம்பித்தாள். திருத்தச் சொல்ல ஊசிக்கு மனசு வரவில்லை.

"சொல்லுடி," என்றாள் கேப்டன்.

"நான் வந்தா…"

"சங்கத் தலைவர்கிட்ட பேசிட்டேன். உன்மேல போட்ட தடையும் முடிஞ்சிருச்சு. யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டாரு."

"யாரைக் கேட்டாராம்?"

கேப்டனுக்கு எரிச்சல் வந்தது. "யாரைக் கேக்கணும்? தண்டனையை முழுசா அனுபவிச்சுட்டு வந்துட்ட. ஒரு தச்சன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா உளியத் தொடாதன்னு யாராவது சொல்றாங்களா?"

"தச்சனுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்களே," என்றாள் ஊசி.

கேப்டன் "புதன்கிழமை வந்து சும்மா பந்தத் தொட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, நொண்டியபடி ஆட்டோவை நோக்கிப் போனாள்.

ஊசி அக்கா வீட்டில்தான் இருந்தாள். அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்ப டிக்கெட் ஓசியா கிடைக்கும்னு சொல்லு" என்றார். வீட்டில் காற்று கொஞ்சம் கனத்தாலும் ஒரு தமாஷைப் போட்டு லேசாக்கிவிடுவது அவர் பழக்கம். அக்கா சிரிக்கவில்லை. பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "போ. போகாதன்னு நான் சொல்லல. ஆனா உன் படம் பேப்பர்ல வந்தா பக்கத்துலயே அந்த ஆள் படமும் வரும். ஒவ்வொரு தடவையும் வரும். அதையும் யோசிச்சுக்க." பிறகு அந்தச் சோற்றை ஊசியின் தட்டில் வைத்தாள்.

புதன்கிழமை அரங்கின் கதவைத் தள்ளியதும் மரத்தரையும் வலி மருந்தும் ரப்பரும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஒரு கணம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. வணக்கம் சொன்னார்கள், நகர்ந்து இடம் விட்டார்கள், தேவைக்கு அதிகமாகவே விட்டார்கள். குட்டையான ஒருத்தி மட்டும் நேராக அவளிடம் வந்தாள். பின்வரிசையில் நின்று எதிரணியின் அடியை எடுக்கிறவள் அவள்தான். இருபத்திரண்டு வயதிருக்கும்.

"அக்கா, அன்னிக்கு நீங்க வந்தது இந்தத் தரைக்குத்தானா?"

"ஆமா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டாள். "நீங்க ஆடினா நான் ஆடமாட்டேன்னு சொல்லல. நான் யாரு அதச் சொல்ல. ஆனா கேக்க வேண்டியவங்கள யாராவது கேட்டிருக்கணும்ல?" அதைச் சண்டைக்கு இழுக்கும் குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், முழங்காலை மடித்து, கைகளை நீட்டி நின்றாள்.

முதல் பந்து அவளிடமிருந்துதான் வந்தது. சுத்தமான பந்து, சுழற்சியே இல்லாமல், சரியாக ஊசியின் நெற்றிக்கு. ஊசி அதைத் தவறவிட்டாள். வெடித்த விரலில் பட்டு எங்கோ தெறித்தது. இரண்டாவது வலையில் போய் விழுந்தது. பந்தைப் பொறுக்கி மறுபடி அவளுக்கே போட்டார்கள். ஏழாவதோ எட்டாவதோ பந்தில் அது நடந்தது. பந்து வந்து உட்கார்ந்ததும் பத்து விரலும் ஒரே நேரத்தில் உள்வாங்கி, ஒரே நேரத்தில் அனுப்பின. சத்தமே இல்லை. பந்து எழும்பி, விளக்கைக் கடந்து, ஓடிவந்தவளின் கைக்கு நேராகப் போய் அந்தரத்தில் ஒரு கணம் காத்திருந்தது. அடி விழுந்த சத்தத்தில் ஊசியின் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாலு வருடம். நாலு வருடமாகச் சோறு, தூக்கம், விடுதலை, அக்காவின் மடி, எதைக் கொடுத்தும் ஆறாத ஒரு பசி இருந்ததே, அது இதற்குத்தான் என்று உடம்பு வெட்கமில்லாமல் சொன்னது. இன்னொரு பந்து, இன்னொன்று என்று கேட்டது. அவளும் கேட்டாள். கேப்டன் விசில் ஊதி நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமை அஞ்சு மணி. அரங்கத்து ஆபீஸ்ல ஒப்பந்தக் கையெழுத்து," என்றாள் கேப்டன். முகத்தில் சந்தோஷம் பொங்கியது. ஊசிக்கு அந்தக் குட்டைப் பெண்ணின் கேள்விதான் காதில் இருந்தது.

கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கம்பெனிக்குப் போகும் பஸ் அந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, நடுத்திட்டில் பச்சை மேல்சட்டை போட்டு, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போன பெண்ணைப் பார்த்தாள். நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே முகம். தோட்டக்காரரின் மனைவி. புருஷன் வேலையை அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள், அதே சாலையில். அன்றிலிருந்து ஊசி பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. ஒருநாளும் இறங்கியதில்லை.

திங்கள்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நாலேகால் மணிக்கு அந்தச் சாலையில் இறங்கினாள்.

தண்ணீர் லாரி நடுத்திட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் நீண்ட குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அரளிச் செடிகளுக்கு நடுவே இருந்தாள். இருபுறமும் வண்டிகள் பறந்தன. சாலையைக் கடந்து, ஐந்தடி தள்ளி நின்றபோது ஊசிக்கு என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை. 'அக்கா' வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

அவளே திரும்பினாள். திடுக்கிடவில்லை.

"இறங்கிட்டியா," என்றாள். "தினமும் பஸ்ல என்னைப் பாத்துக்கிட்டே போவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ஊசி ஐந்து நாளாகக் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"மறுபடியும் ஆடக் கூப்பிடறாங்க," என்றாள்.

"ம்."

"உங்களைக் கேக்காம…"

அந்தப் பெண் குழாயின் வாயை அடுத்த செடிக்கு நகர்த்தினாள். தண்ணீர் மண்ணைக் குழித்துக்கொண்டு நுரைத்தது. "நான் ஆடுன்னு சொன்னா ஆடுவ. ஆடாதன்னு சொன்னா ஆடமாட்ட. அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பொம்பள சொல்லிட்டா, அந்தப் பொம்பள சொல்லிட்டானு சொல்லிக்கிட்டுத் திரிவ. அதையும் நானே சுமக்கணுமா? ஏற்கெனவே சுமக்கறது போதாதா?"

ஊசி தலைகுனிந்தாள். திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் அந்தப் பெண். குரல் மாறியிருந்தது. "கோர்ட்டுல வக்கீல் சொன்னாரு, நீ நேராப் போயி ஆடினன்னு. ரெண்டு மணி நேரம். அப்ப கேக்க முடியல. எப்படி ஆடின?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நீதிபதி கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, கேப்டன் கேட்கவில்லை. பொய் சொல்லலாம். கை நடுங்கிற்று, பந்தே பிடிபடவில்லை என்று சொல்லலாம். அதைக் கேட்கத்தான் இவள் இத்தனை நாள் காத்திருந்தாளோ என்னவோ. தன்னால் தர முடிந்தது அது ஒன்றுதான் என்றும் பட்டது.

"நல்லா ஆடினேன்," என்றாள் ஊசி.

"நல்லாவா?"

"எப்பவும் ஆடறத விட நல்லா. வாழ்க்கையில அப்படி ஆடினதில்ல."

ஒரு லாரி இருவரையும் புழுதியால் மூடிவிட்டுப் போனது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று ஊசி பார்த்தாள். அழவில்லை.

"அன்னிக்கு அவருக்குப் பல்வலி. லீவு போடறேன்னாரு. போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு நான் மறுபடி படுத்தேன். நல்ல தூக்கம். அவரு ரோட்டுல கிடந்த நேரமெல்லாம் தூங்கிட்டுதான் இருந்தேன்." குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அப்படி ஒரு தூக்கம் அதுக்கப்புறம் வரவே இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்தாப் போதும்னு இருக்கு."

அந்தத் தூக்கம் மறுபடி வரக்கூடாதா என்று ஊசிக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கேட்பதற்குத் தான் ஆள் இல்லை.

அந்தப் பெண் லாரியின் பக்கம் எட்டிப் பார்த்தாள். "டிரைவர் டீ குடிக்கப் போனவரு இன்னும் வரல. நான் அந்தக் கோடி வரைக்கும் போகணும். பின்னாடி ஒரு திருகு வால்வு இருக்கு, அதுகிட்ட நில்லு. நான் கையத் தூக்கினா மூடு. இல்லன்னா தண்ணி ரோடெல்லாம் போயிடும்." ஊசியின் பதிலுக்குக் காத்திராமல் குழாயை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஊசி லாரியின் பின்பக்கம் போய் நின்றாள். வால்வின் இரும்பு வளையம் ஈரமாக, ஜில்லென்று இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓடும் தண்ணீரின் அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. நாலு முப்பத்தைந்து. அரங்கத்துக்குப் போகும் பஸ் வந்து, யாரும் கைகாட்டாததால் நிற்காமல் வேகம் பிடித்துப் போனது. அடுத்தது இருபது நிமிடம் கழித்து; அதில் போனால் ஐந்து மணிக் கையெழுத்துக்குப் போய்ச் சேர முடியாது. தூரத்தில் பச்சைச் சட்டை ஒவ்வொரு செடியிடமும் நின்று, குனிந்து, நிமிர்ந்து, சிறியதாகிக்கொண்டே போனது. வெயிலில் கண் கூசியது. கையை எடுத்து மறைத்துக்கொள்ளாமல், அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் கை இன்னும் உயரவில்லை.